விசோகன் போட்ட முடிச்சு

இந்த வெள்ளத்தில் படகு வராது. மூட்டையை உள்ளே வையும். அந்த மூலை ஒழுகும், இந்தப் பக்கம் தள்ளி வையும். குதிரைகள் கொட்டகையிலேயே நிற்கட்டும், அங்கே புல் கிடக்கிறது. ஆறு இறங்க இரண்டு நாளாகும். மூன்றும் ஆகலாம். அரசர் பெயரைச் சொல்லி அவசரப்படுத்தியவர்களும் கடைசியில் நீர் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்தார்கள். ஆற்றுக்கு அரசர் யாரென்று தெரியாது.

யவைக் கஞ்சி இருக்கிறது, குடியும்.

வாசலில் காவலாள் கேட்டபோது ஒரு பெயர் சொன்னீரே. மேட்டு நாட்டுக்குக் குதிரை வாங்கப் போகிறேன் என்றீர். யாரிடம் என்று கேட்டான். விசோகனிடம் என்றீர். சரியாகத்தான் கேட்டேனா?

எந்த விசோகன்? இடது புருவத்தில் குதிரை உதைத்த தழும்பு இருக்குமா? வேடிக்கையாக எதையாவது சொல்ல ஆரம்பித்து, சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுவானா? அவன்தான். உயிரோடு இருக்கிறான்.

சந்தோஷம். ஆமாம், சந்தோஷம் என்றுதான் சொன்னேன். அவன் செத்துப்போயிருந்தால் எனக்குத்தான் நஷ்டம். ஏனென்று சொல்கிறேன். இரண்டு நாள் இருக்கிறதே.

நான் கரஞ்சர் குடியைச் சேர்ந்தவன். இப்போது இந்தத் துறையைக் காக்கும் அரசரின் ஆள். ஆனால் பிறப்பில் கரஞ்சன். பெயர் உபலன். நீர் தெற்கத்தி ஆள், உமக்கு அரசன் இல்லாத நாடு எப்படி இருக்கும் என்று தெரியாது. எங்களுக்கு அப்போது அரசன் கிடையாது. எழுபத்தொரு வீடு. வீட்டுக்கு ஒருவர் சபை மண்டபத்தில் உட்காருவோம். அதுதான் கணம். மதகு திறப்பதா, சண்டைக்குப் போவதா, யார் வீட்டில் பெண் எடுப்பது, எல்லாம் அங்கேதான். மூத்தவர் அசிதர் எழுந்து விஷயத்தை மூன்று தடவை சொல்லுவார். மூன்று தடவையும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் எல்லோருக்கும் சம்மதம். அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? வாய் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

மண்டபத்தில் இருக்கை முக்கியம். வயதுப்படி பாய் விரிக்க ஓர் ஆள் உண்டு. எனக்கு இருபது வயது இருக்கும்போது அந்த வேலை விசோகனுக்கு வந்தது. அவன் என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவன். வந்த முதல் மாதமே என் அப்பாவின் பாயைத் தூக்கி மேற்குத் தூணுக்குப் பின்னால் போட்டான்.

சும்மா போடவில்லை. முறைப்படி சபையில் வைத்தான். 'கேதுமானின் இருக்கை மேற்குத் தூணுக்குப் பின்னால் மாற்றப்படுகிறது.' அசிதர் மூன்று தடவை சொன்னார். நான் மற்ற இளைஞர்களோடு வாசலில் நின்றிருந்தேன், உள்ளே பேச எனக்கு உரிமை இல்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் வாய் திறக்கவில்லை. எழுந்து போய், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பிறகு அவர் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ஏன் சும்மா இருந்தீர்கள் என்று. 'சாய்ந்துகொள்ள நன்றாக இருக்கிறதடா' என்றார். பாரும். அவமானத்தைப் பிள்ளையிடம் மறைக்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் பேசவேண்டியிருக்கிறது. அவருக்கு முதுகு வலி இருந்தது உண்மைதான். வண்டியிலிருந்து விழுந்தவர். மண்டபத்தில் பாதி நாள் நெளிந்துகொண்டே இருப்பார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நான்கு வருஷம் கழித்து அவர் போய்ச் சேர்ந்தார். பாய் எனக்கு வந்தது.

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அசிதரின் ஒரு காதும் கொஞ்சம் தாடியும் தெரியும். கை தூக்கினால் யாருக்கும் தெரியாது. நான் முதல் தடவை எழுந்து பேசியது மதகு விஷயம். எங்கள் வயலுக்குத் தண்ணீர் மூன்று நாள் தள்ளி வந்துகொண்டிருந்தது. பேச ஆரம்பித்தேன். அசிதருக்குக் கண் மங்கல். 'யார் பேசுவது?' என்றார்.

விசோகன் சொன்னான்: 'தூண் பேசுகிறது, பெரியவரே.'

எழுபது பேரும் சிரித்தார்கள். அசிதரும் சிரித்தார். சிரித்து முடித்தபோது மதகை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்த வருஷம் என் யவைப் பயிர் காய்ந்துபோனது. அது போகட்டும். அன்றிலிருந்து எனக்குப் பெயர் தூண். என் மனைவி தண்ணீருக்குப் போனால் 'தூண் வீட்டுக்காரி வருகிறாள்.' விசோகனே என்னைத் தெருவில் பார்த்தால் தோளைத் தட்டி, 'என்ன தூணே, கூரை பத்திரமா?' என்பான். சிரிப்பான். நானும் சிரிப்பேன். பதினான்கு வருஷம் சிரித்தேன்.

நீரும் சிரிக்கிறீர். பரவாயில்லை. கஞ்சி ஆறுகிறது.

சபையில் யாராவது வாய் திறந்து, பேச்சு முற்றி, முடிவு வரவில்லை என்றால் குச்சிக்குப் போவோம். அத்திக் குச்சி, விரல் நீளம். தோல் உரித்தது வெள்ளை. நெருப்பில் காட்டியது கறுப்பு. ஒவ்வொருவருக்கும் இரண்டும் கொடுப்போம். வேண்டியதைத் துணிக்கு அடியில் கைவிட்டுப் பையில் போடுவார்கள். மற்றதை இடுப்பில் மறைத்துக்கொண்டு போய் அவரவர் அடுப்பில் போட்டுவிடுவார்கள். யார் எது போட்டார் என்று யாருக்கும் தெரியாது. குச்சி எடுப்பவன் பையை உள்ளறைக்குக் கொண்டுபோய், தனியாக எண்ணி, வெளியே வந்து சொல்லுவான். அவன் சொன்னதுதான். அதை ஒருவன் மறுத்தால் அன்றோடு கணம் இல்லை என்று சட்டம்.

அந்த வேலைக்கு எல்லோரையும் போடமாட்டார்கள். நான்கு குணம் வேண்டும். விருப்பு இருக்கக்கூடாது. வெறுப்பு இருக்கக்கூடாது. மயக்கம் கூடாது. பயம் கூடாது. பழைய ஆள் இறந்ததும் யாரைப் போடுவது என்று பேச்சு வந்தது. விசோகன்தான் எழுந்தான். 'உபலனைப் போடுங்கள். தூண் எந்தப் பக்கமும் சாயாது' என்றான். மறுபடி சிரிப்பு. மூன்று தடவை சொன்னார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. அப்படித்தான் நான் குச்சி எடுப்பவன் ஆனேன். எட்டு வருஷம் எடுத்தேன். ஒரு குச்சி பிசகியதில்லை. அந்த நான்கு குணமும் எனக்கு இன்றைக்கும் உண்டு. இந்தத் துறையில் எந்தப் படகு முதலில் போகவேண்டும் என்று நான் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

குதிரை விஷயத்துக்கு வருகிறேன். உமக்கு அது பிடிக்கும்.

ஆற்றுக்குத் தெற்கே இருந்த அரசர் வேள்விக் குதிரையை அவிழ்த்துவிட்டார். ஒரு வருஷம் அது இஷ்டப்படி சுற்றும். நூறு வீரர்கள் பின்னாலேயே வருவார்கள். அது கால் வைத்த மண்ணில் யாரும் தடுக்கவில்லை என்றால் அந்த மண் அரசருடையது. தடுத்தால் சண்டை. அந்த ஒரு வருஷமும் குதிரை பெட்டையை நெருங்கக்கூடாது. நெருங்கினால் வேள்வி கெட்டது, வேறு குதிரை பார்த்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். இது குதிரைக்காரரான உமக்குத் தெரியாமல் இருக்காது.

குதிரை தென்கரைக்கு வந்துவிட்டது. கோடைக்காலம், ஆற்றில் முழங்கால் தண்ணீர். தாண்டினால் எங்கள் மண். பிடித்துக் கட்டுவதா, விடுவதா? மூன்று நாள் மண்டபத்தில் பேசினோம். கட்டினால் செத்தோம். விட்டால் அடிமை. பேசிக்கொண்டே இருந்தோம். மூன்றாம் நாள் காலையில் விசோகன் மண்டபத்துக்கு வரவில்லை. அவனுடைய செந்நிறப் பெட்டையை ஓட்டிக்கொண்டுபோய் ஆற்று நடுவில் இருக்கும் மணல் திட்டில் கட்டிவிட்டு, கரையில் உட்கார்ந்து முள்ளங்கி தின்றுகொண்டிருந்தான்.

அரசரின் குதிரை பார்த்தது. பிறகு யாரால் நிறுத்த முடியும்? நூறு வீரர்களும் கரையில் நின்று கத்தினார்கள். புரோகிதர் ஒருவர் வேட்டியோடு தண்ணீரில் இறங்கி விழுந்தார். அந்தத் திட்டு எங்களுடையதும் இல்லை, அவர்களுடையதும் இல்லை. சண்டையும் இல்லை, அடிமையும் இல்லை. சாயங்காலத்துக்குள் குதிரையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள். ஊர் பத்து நாள் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபத்தொரு வீடு மூன்று நாளாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. ஒருவன் யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு முடித்துவிடுகிறான். முடிவு நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். ஓர் ஆள் எழுபது பேருக்காகத் தானே தீர்மானித்தால் அவனுக்கும் அரசனுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லும்.

இதைச் சபையில் வைத்தவன் நான் இல்லை. சோணகன். அவனுக்கு எல்லையோரம் நிலம், அரசர் கோபித்தால் முதலில் எரிவது அவன் வீடு. 'கணத்தைக் கேட்காமல் செய்தான். அவன் இங்கே இருக்கக்கூடாது' என்றான். அசிதர் முதல் தடவை சொன்னார். அமைதி. இரண்டாம் தடவை. அமைதி. மூன்றாம் தடவை சொல்லும்போது ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள். பிறகு ஒரே கூச்சல். குச்சிக்குப் போனது.

வெள்ளை என்றால் விசோகன் இருக்கட்டும். கறுப்பு என்றால் போகட்டும். அவன் போடக்கூடாது, நான் போடக்கூடாது. ஆக அறுபத்தொன்பது குச்சி.

எல்லோரும் போட்டு முடித்ததும் பையின் வாயைக் குற்றம் சாட்டப்பட்டவன் தன் கையால் கட்டவேண்டும். இடையில் யாரும் எதையும் போடவில்லை என்று அவனுக்கே தெரியவேண்டும் அல்லவா? விசோகன் வந்து கட்டினான். கட்டும்போது என்னைப் பார்த்து, 'சீக்கிரம் எண்ணு தூணே, பெட்டையைக் குளிப்பாட்டவேண்டும்' என்றான்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

உள்ளறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முடிச்சில் விரலை வைத்தேன். வெளியே அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விரலை எடுத்துவிட்டேன். ஒரு மாடு கறக்கும் நேரம்கூட இருக்காது. எழுந்து வெளியே வந்தேன்.

'கறுப்பு முப்பத்தெட்டு. வெள்ளை முப்பத்தொன்று.' மூன்று தடவை சொன்னேன். அன்றைக்குத்தான் அந்த மண்டபத்தில் நான் பேசியதை எல்லோரும் கேட்டார்கள். யாரும் 'யார் பேசுவது' என்று கேட்கவில்லை. முப்பத்தெட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு.

ஆமாம், எண்ணவில்லை. அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விசோகன் அப்போதுதான் சிரிப்பதை நிறுத்தினான். வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் பார்க்காத முகம் இல்லை. கடைசியாக என்னிடம் வந்தான். நான் தூணுக்குப் பக்கத்தில் பையோடு நின்றிருந்தேன். அவனிடம் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். பதினான்கு வருஷமாகச் சேர்த்துவைத்த வாக்கியம். 'தூண் பேசிவிட்டது.' அவ்வளவுதான். அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்றிருந்தேன்.

அவன் குனிந்து நின்றான், கொஞ்ச நேரம். பிறகு என் தோளில் கைவைத்து, 'குச்சி எடுப்பவன் சொல்லை யாரும் மறுக்கக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது யார் தெரியுமா? என் தாத்தா' என்றான். நாடு விட்டுப் போகிற நேரத்திலும் குடும்பப் பெருமை. வைத்திருந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. எல்லோரையும் பார்த்து, 'கணம் சொல்லிவிட்டது' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வீட்டிலிருந்து அந்தப் பெட்டையை மட்டும்தான் கொண்டுபோனான். அதன் வயிற்றில் என்ன இருந்தது என்று உமக்குத் தெரியும். நீர் வாங்கப்போவது அதன் பேரப்பிள்ளைகளை.

அதன்பிறகு என் ஆட்களின் லட்சணத்தைப் பார்த்தேன். வாய்க்கால் கரையில் அசிதர் என்னைப் பிடித்துக்கொண்டார். 'நான் வெள்ளை போட்டேன் உபலா. எனக்கு வலப்பக்கம் உட்காருபவனும் வெள்ளை என்கிறான். இடப்பக்கம் உட்காருபவனும் வெள்ளை என்கிறான். பின்னே கறுப்பு போட்டது யார்?' என்றார். யாரைக் கேட்டாலும் வெள்ளை. சோணகனின் தம்பிகூட வெள்ளை போட்டதாகச் சத்தியம் செய்தான். மனிதர்கள் எப்படிப் பொய் சொல்கிறார்கள் பாரும்.

ஒருவரை ஒருவர் நம்பவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் பந்தியில் தள்ளி உட்கார்ந்தார்கள். அசிதர் மண்டபத்துக்கு வருவதை நிறுத்தினார். 'இத்தனை பேரில் யார் யார் என்று தெரியாமல் எப்படி உட்காருவது?' என்றார். அடுத்த கோடையில் அரசரின் புதுக் குதிரை வந்தது. இந்தத் தடவை வெள்ளைக் குதிரை. கட்டுவதா விடுவதா என்று சபை கூடியது. மூன்று தடவை சொன்னார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வந்த எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விடலாம் என்று முடிவானது. குதிரை தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாக ஏறி வந்தது. அதன் பின்னால் படை வந்தது. ஓர் அம்புகூட விடவில்லை.

அதற்கு நான் பொறுப்பா? அன்றைக்கு நானும்தான் பேசவில்லை. எல்லோரும் பேசாதபோது நான் மட்டும் எப்படிப் பொறுப்பாக முடியும்?

மண்டபம் இப்போது லாயம். அந்த மேற்குத் தூணில் கடிவாளம் மாட்டுகிறார்கள். சோணகன் அரசரிடம் வேலை பார்க்கிறான். துறைக்கு ஒரு நடுநிலையான ஆள் வேண்டும் என்று கேட்டார்களாம், அவன்தான் என் பெயரைச் சொன்னான்.

இரும். ஒன்று காட்டுகிறேன்.

இதுதான். அந்தப் பை. மான் தோல், இன்னும் கெட்டுப்போகவில்லை. பௌர்ணமி அன்று குச்சிகளை எல்லோர் முன்னாலும் எரிக்கவேண்டும். நான் வேறு குச்சிகளை எரித்தேன். இதைப் பதினோரு வருஷமாக வைத்திருக்கிறேன். ஆட்டினால் சத்தம் கேட்கிறதா? அறுபத்தொன்பது.

ஏன் எண்ணிப் பார்க்கவில்லை என்றா கேட்கிறீர்? எண்ணி, உள்ளே கறுப்பே அதிகமாக இருந்துவிட்டால்? அப்போது அவனை அனுப்பியது அவர்கள். நான் வெறுமனே வாய். பதினான்கு வருஷத்துக்கு நான் செய்த ஒரே காரியம் இது, ஐயா. இதைச் சோணகனுக்கும் அவன் தம்பிக்கும் கொடுக்கமாட்டேன். இது என்னுடையது.

ஆனால் அவனுக்கு அது தெரியாது. அதுதான் என்னைத் தின்கிறது. அவன் மேட்டு நாட்டில் உட்கார்ந்துகொண்டு முப்பத்தெட்டு பேரைத் தேடிக்கொண்டிருப்பான். அசிதரோ, இவனோ, அவனோ என்று. என்னைத் தவிர எல்லோரையும் வெறுத்திருப்பான். என்னை நினைத்திருக்கவே மாட்டான். தூணை யார் நினைப்பார்கள்?

ஆகவே நீர் ஒரு காரியம் செய்யவேண்டும். இந்தப் பையை அவனிடம் கொடும். உபலன் கொடுத்தான் என்று சொல்லும். அன்றைக்கு உபலன் இதை அவிழ்க்கவே இல்லை என்று சொல்லும். பிறகு, 'தூண் பேசிவிட்டது' என்று சொல்லும். அந்த வார்த்தையையே சொல்லவேண்டும், மாற்றக்கூடாது. சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பாரும். எண்ணுவானா, எண்ணமாட்டானா? எண்ணினால் எந்தக் குச்சி அதிகமாக இருந்தாலும் அவனுக்கு அன்றைக்குத் தூக்கம் கிடையாது. திரும்பி வரும்போது இந்த வழிதானே? அந்த முகத்தை மட்டும் எனக்குச் சொல்லும். வெள்ளம் இறங்கியதும் முதல் படகு உமக்குத்தான். வேறு எவன் வந்து நின்றாலும்.

என்ன பார்க்கிறீர்? ஓட்டை எதுவும் இல்லை. நன்றாகத்தான் கட்டியிருக்கிறது.

முடிச்சா? இருக்கட்டும், அதற்கென்ன?

அவன் லாயத்தில் ஒவ்வொரு குதிரையும் இப்படித்தான் கட்டியிருக்குமா? இரண்டு சுற்று, ஒரு மடிப்பு... வேறு எங்கேயும் இந்த முடிச்சை நீர் பார்த்ததில்லையா? எத்தனை வருஷமாகக் குதிரை வாங்குகிறீர்? முப்பது வருஷம். ஓரிடத்திலும் பார்த்ததில்லை.

இருக்கும். அவன்தான் கட்டினான். சொன்னேனே. எனக்குக் குதிரை தெரியாது. எனக்கு எல்லா முடிச்சும் ஒன்றுதான்.

நான் வெளியே வந்தபோது பை என் கையில் இருந்தது. அவன் பக்கத்தில் வந்து நின்றான். குனிந்து நின்றான். அவமானத்தில் குனிந்தான் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு தூரம்தான். நீர் இப்போது நிற்கிற தூரம்.

இல்லை. முடிச்சு அவிழாததை அவன் பார்த்திருக்கமாட்டான். பார்த்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். ஒரே ஒரு வார்த்தை. அந்த எழுபது பேரும் என்னை அங்கேயே கிழித்திருப்பார்கள். வீடு, பெண்டாட்டி, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒருவன் எதற்காக வாயை மூடிக்கொண்டு போகவேண்டும்? தாத்தா போட்ட சட்டத்துக்காகவா?

தாத்தா என்றான். என் தோளில் கைவைத்து, தாத்தா என்றான்.

உம்மிடம் என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறானா? நினைவுபடுத்திப் பாரும். உபலன் என்று. தூண் என்று.

சரி. சொல்லவேண்டாம். பையை இப்படிக் கொடும்.

கொடும் என்கிறேன்.

குதிரை மிரண்டால் சட்டென்று விடுவிப்பதற்கான முடிச்சு என்கிறீர். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் போதும், தானே கழன்றுவிடும். பதினோரு வருஷமானாலும் கழன்றுவிடுமா? எந்த முனை? இதுவா?

கையை எடும். எந்த முனை என்று சொல்லாதீர்.